பணியிடைக் குறுக்கீடு

பணியிடைக் குறுக்கீடு என்பது ஒருவர் செய்துகொண்டிருக்கும் வேலை முடிவதற்கு முன்னரே அவரது கவனத்தை வேறொன்றின்பால் திருப்பி, அவ்வேலையைத் தற்காலிகமாகவேனும் நிறுத்திவைக்கச் செய்யும் நிகழ்வு ஆகும். தொலைபேசி அழைப்பு, மின்னஞ்சல் அறிவிப்பு, உடன் பணிபுரிபவர் மேசையருகே வந்து கேட்கும் ஐயம், மேலாளரின் திடீர் அழைப்பு ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகளாகும். எவரும் அழைக்காமலேயே ஒருவர் தாமாக வேலையை விட்டு வேறொன்றைப் பார்க்கச் செல்வதும் குறுக்கீடாகவே கருதப்படுகிறது.

குறுக்கீட்டினால் ஏற்படும் இழப்பை அது எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது. விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதற்கு ஆகும் உழைப்பும், அவ்விடத்தைத் தவறாகப் பிடித்துவிடுவதால் நேரும் பிழையும் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. அலுவலகத்தில் இதன் விளைவு காலதாமதமாகவும் களைப்பாகவும் வெளிப்படுகிறது. விமானிகள் அறையிலும் மருத்துவமனையிலும் உயிரிழப்பு வரை செல்லக்கூடும்.

சொல்லும் ஒப்புமையும்

தமிழில் கணினியியல் எழுதுவோர், செயலியின் கவனத்தைத் திருப்பும் சமிக்ஞையையும் குறுக்கீடு என்றே குறிப்பிடுகின்றனர். இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது பொருத்தமானதே. விசைப்பலகையில் ஒரு விசை அழுத்தப்பட்டாலோ, வலையமைப்பு அட்டைக்குத் தரவு வந்து சேர்ந்தாலோ செயலிக்குக் குறுக்கீடு அனுப்பப்படுகிறது. உடனே செயலி தான் நிறைவேற்றிக்கொண்டிருந்த நிரலின் இடத்தையும் தன் பதிவகங்களில் உள்ள மதிப்புகளையும் நினைவகத்தில் சேமித்துவிட்டு, குறுக்கீட்டைக் கவனிக்கும் நிரலுக்குத் தாவுகிறது. அது முடிந்ததும் சேமித்த மதிப்புகள் அப்படியே மீட்கப்படுகின்றன. குறுக்கிடப்பட்ட நிரலுக்குத் தான் இடையில் நிறுத்தப்பட்டதே தெரியாது.

மனித மூளைக்கு இவ்வாறான சேமிப்பு வசதி இல்லை. ஒருவர் பாதி யோசித்துவைத்திருந்த ஐந்தாறு செய்திகளை எழுந்து செல்லும் முன் எங்கும் எழுதிவைக்காவிடில், திரும்பி வரும்போது அவற்றுள் சில மறைந்திருக்கும். ஒப்புமை இந்த இடத்தில் முறிகிறது. குறுக்கீட்டு மேலாண்மை குறித்த அறிவுரைகளுள் பயனுள்ளவை பலவும் இந்த ஒரு குறையை ஈடுசெய்யும் முயற்சிகளே எனலாம்.

செயலிகளுக்கும் எல்லை உண்டு என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. வலையமைப்பிலிருந்து தரவுப் பொதிகள் மிக வேகமாக வந்துகொண்டிருந்தால், கணினி தன் நேரம் முழுவதையும் குறுக்கீடுகளுக்குப் பதில் சொல்வதிலேயே செலவழித்து, வந்த பொதிகளுள் ஒன்றைக் கூட உருப்படியாகக் கையாள முடியாத நிலையை அடையும். ஜெஃப்ரி மோகல், கே. கே. ராமகிருஷ்ணன் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்நிலையை விரிவாக ஆராய்ந்தது. அவர்கள் கூறிய தீர்வின் சாரம், சுமை மிகும்போது குறுக்கீட்டை முடக்கிவிட்டு, செயலி தானே அவ்வப்போது சென்று பொதிகளைத் தொகுதியாக எடுத்துவர வேண்டும் என்பதாகும். காலை முழுவதும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிவிட்டு, நண்பகலில் தம் வேலையை இன்னும் தொடங்கவே இல்லை என்று உணரும் அலுவலருக்கு இந்நிலை புதிதன்று.

மனத்தில் நிகழ்வது

குறுக்கிடப்பட்ட வேலை பற்றிய உளவியல் ஆய்வு 1920களில் பெர்லினில், குர்ட் லெவினின் மாணவர்களிடமிருந்து தொடங்கியது. முடிக்கப்பட்ட வேலைகளைவிட முடிக்கப்படாதவையே நினைவில் நன்கு நிற்கின்றன என்று புளூமா சைகார்னிக் 1927இல் எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டு மரியா ஒவ்சியான்கினா, இடையில் நிறுத்தப்பட்ட வேலையை மக்கள் எவரும் சொல்லாமலேயே மீண்டும் எடுத்து முடிக்க முற்படுகின்றனர் என்று காட்டினார். சைகார்னிக்கின் பெயரே பரவலாக அறியப்பட்டது. ஆயினும் இரு விளைவுகள் குறித்தும் பின்னர் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2025இல் வெளியான பகுப்பாய்வு, நினைவு பற்றிய சைகார்னிக் விளைவுக்கு உறுதியான சான்று இல்லை என்றும், மீண்டும் தொடங்க முற்படும் ஒவ்சியான்கினா விளைவே நிலைபெற்றுள்ளது என்றும் கண்டது. நடைமுறையில் இதன் பொருள்: முடிக்காத வேலை நம்மை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆனால் அதன் விவரங்களை மனம் தானே காத்துவைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்த இழுப்பின் மறுபக்கத்தைக் காட்டியது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்த வேலைக்குச் செல்வோரின் கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் புதிய வேலையின் தரம் குறைகிறது. அவர் இதனைக் கவன எச்சம் என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிட்டார். ஆகவே குறுக்கீட்டினால் பழைய வேலை மட்டுமன்றி, குறுக்கே வந்த வேலையும் பாதிப்படைகிறது.

குறுக்கீடு நீண்டதாக இருந்தால்தான் தீங்கு என்பது பொதுவான நம்பிக்கை. எரிக் ஆல்ட்மன், கிரெகரி டிராஃப்டன், டேவிட் ஹாம்பிரிக் ஆகியோர் 2014இல் வெளியிட்ட சோதனை இதற்கு மாறானது. 300 பேர் கணினியில் குறிப்பிட்ட வரிசைப்படி செய்ய வேண்டிய படிகளைச் செய்துகொண்டிருக்கையில், இடையிடையே சில எழுத்துகளைத் தட்டச்சு செய்யுமாறு கேட்கப்பட்டனர். சராசரியாக 2.8 நொடிகளே நீடித்த குறுக்கீடு, எந்தப் படியில் இருந்தோம் என்பதைத் தவறவிடும் பிழைகளை இரண்டு மடங்காக்கியது. 4.4 நொடிக் குறுக்கீடு அவற்றை மூன்று மடங்காக்கியது. ஒரு செல்பேசியை எடுத்து ஒலியை நிறுத்துவதற்கு ஏறக்குறைய இவ்வளவு நேரமே ஆகும்.

அலுவலக ஆய்வுகள்

இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுபவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் ஆவார். அவரும் உடனாய்வாளர்களும் அலுவலர்களின் அருகிலேயே அமர்ந்து, கடிகாரத்துடன் ஒவ்வொரு செயலையும் பதிவு செய்தனர். குறுக்கீடுகளுள் ஏறத்தாழப் பாதி வெளியிலிருந்து வந்தவை அல்ல, அவரவர் தமக்குத் தாமே விளைவித்துக்கொண்டவை என்பது அவ்வாய்வுகள் தந்த முக்கியச் செய்தி.

குறுக்கீட்டிலிருந்து மீள 23 நிமிடங்கள் ஆகும் என்ற கூற்று எங்கும் காணப்படுகிறது. இது மார்க் அளித்த நேர்காணல்களிலிருந்து பரவியதாகும். 2005இல் வெளியான அவரது ஆய்வுக் கட்டுரையில் உள்ள எண் சுமார் 25 நிமிடங்கள். இவ்வெண் எதைக் குறிக்கிறது என்பது பெரும்பாலும் தவறாகவே விளக்கப்படுகிறது. நிறுத்திய வேலைக்கு அதே நாளில் திரும்புவதற்குள் கழியும் நேரமே அது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் சராசரியாக இரண்டுக்கும் மேற்பட்ட வேறு வேலைகளைப் பார்த்துள்ளனர். அந்த 25 நிமிடமும் வீணாயிற்று என்று அக்கட்டுரை கூறவில்லை. ஒரு நாளில் நேர்ந்த குறுக்கீடுகளின் எண்ணிக்கையை 23ஆல் பெருக்கி இழப்பைக் கணக்கிடும் விளம்பரங்கள் இதனாலேயே நம்பத்தக்கவை அல்ல. அவ்வாறு பெருக்கினால் பலரது பணிநாள் 24 மணி நேரத்தையும் தாண்டிவிடும்.

மார்க், டானியேலா குடித், உல்ரிச் குளோக்கே ஆகியோர் 2008இல் வெளியிட்ட சோதனையின் முடிவு எதிர்பாராதது. மின்னஞ்சல்களுக்கு விடை எழுதும் வேலையில் குறுக்கிடப்பட்டவர்கள், குறுக்கிடப்படாதவர்களைவிட விரைவாகவே முடித்தனர். தரத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அவர்களது மன அழுத்தம், எரிச்சல், நேர நெருக்கடி உணர்வு ஆகியன கூடியிருந்தன. அதாவது இழந்ததை ஈடுகட்ட அவர்கள் வேகத்தைக் கூட்டினர். அதற்கான விலை வேலையில் தெரியவில்லை, வேலை செய்தவரிடம் தெரிந்தது. மாத இறுதியில் உற்பத்தி எண்களை மட்டும் பார்க்கும் நிர்வாகத்துக்கு இந்த விலை புலப்படாது.

குறுக்கீடு முற்றிலும் தீயது என்று கொள்வதும் பிழையாகும். பிரையிட் ஓ'கொனேல், டேவிட் ஃபிரோலிக் ஆகியோர் 1995இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், இரு பணியாளர்களுக்கு நேர்ந்த குறுக்கீடுகளுள் 64 விழுக்காட்டில் குறுக்கிடப்பட்டவருக்கும் ஏதேனும் ஒரு பயன் கிடைத்தது. அதே ஆய்வில், 41 விழுக்காட்டில் குறுக்கீடு முடிந்தபின் அவர் பழைய வேலைக்கு உடனே திரும்பவில்லை. இருவரை மட்டும் கொண்ட ஆய்வாதலால் எண்களைப் பொதுமைப்படுத்த இயலாது. எனினும் ஒரே உரையாடல் பயனும் இழப்பும் ஒருங்கே தரக்கூடும் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

மென்பொருள் துறையில்

நிரலாக்கம் குறுக்கீட்டால் எளிதில் குலையும் தொழில்களுள் ஒன்று. ஒரு வழுவைத் தேடும் நிரலாளர், எந்த மாறிக்கு எங்கு என்ன மதிப்பு வந்தது, எந்த ஐயம் ஏற்கெனவே தீர்ந்தது, அடுத்து எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்பனவற்றை ஒரே வேளையில் நினைவில் தாங்கியிருக்கிறார். கிறிஸ் பார்னின், ஸ்பென்சர் ருகாபர் ஆகியோர் 86 நிரலாளர்களின் சுமார் 10,000 பணி அமர்வுகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். வேலைக்குத் திரும்பி ஒரு நிமிடத்துக்குள் நிரலைத் திருத்தத் தொடங்கிய அமர்வுகள் 10 விழுக்காடு மட்டுமே. வேறெங்கும் சென்று பார்க்காமல் நேரே விட்ட இடத்தில் தொடர்ந்தவை 7 விழுக்காடு. மற்ற அமர்வுகளில் அவர்கள் பல இடங்களைப் புரட்டிப் பார்த்து, தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை மீண்டும் கட்டமைத்துக்கொண்டனர்.

நிரலாளர்கள் இதற்கெனக் கையாளும் தந்திரம் ஒன்று உண்டு. எழுந்து செல்லும் முன், நிரலில் வேண்டுமென்றே பொருளற்ற ஒரு வரியைத் தட்டச்சு செய்துவிடுவர். திரும்பி வந்து நிரலைத் தொகுக்க முற்படும்போது, தொகுப்பி அவ்வரியிலேயே பிழை காட்டி நிற்கும். விட்ட இடம் அதுவே. இதைவிட எளிய அடையாளம் கிடைப்பது அரிது.

டாம் டிமார்க்கோ, டிமத்தி லிஸ்டர் ஆகியோரின் பீப்பிள்வேர் (1987) என்னும் நூல் இப்பொருளை மேலாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அவர்கள் பல நிறுவனங்களின் நிரலாளர்களிடையே ஒரே வேலையைக் கொடுத்துப் போட்டிகள் நடத்தினர். தேவையின்றி அடிக்கடி குறுக்கிடுகின்றனரா என்ற வினாவுக்கு, முதல் கால்பகுதியில் வந்தவர்களுள் 38 விழுக்காட்டினரும் கடைசிக் கால்பகுதியினருள் 76 விழுக்காட்டினரும் ஆம் என்றனர். அமைதியான அறை நல்ல நிரலாளரை உருவாக்கியதா, நல்ல நிரலாளருக்கு நிறுவனம் அமைதியான அறையைக் கொடுத்ததா என்பதை இவ்வெண்களைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. குறுக்கீடின்றிக் கிடைத்த மணிநேரத்தை அலுவலகத்தில் இருந்த மொத்த மணிநேரத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தைக் கணக்கிட வேண்டும் என்ற அவர்களது பரிந்துரை, அவ்வெண்களைவிட நீடித்த பயனுடையது.

லெஸ்லி பெர்லோ 1999இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் நடந்த சோதனைகளுள் மிகவும் படிப்பினை தருவது. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் மென்பொருள் குழுவில், வாரத்தில் மூன்று நாட்கள் நண்பகல் வரை ஒருவர் மற்றொருவருக்குக் குறுக்கிடக் கூடாது என்னும் அமைதி நேரம் அவரது முயற்சியால் நடைமுறைக்கு வந்தது. பொறியாளர்கள் காலையில் ஆழ்ந்த வேலையையும், மாலையில் ஐயம் தீர்த்தலையும் செய்யக் கற்றுக்கொண்டனர். பலரது வேலை விரைவுபட்டது. ஆயினும் ஆய்வு முடிந்தபின் அமைதி நேரம் நிலைக்கவில்லை. நெருக்கடி நேரத்தில் ஓடிவந்து தீயை அணைப்பவரே அந்நிறுவனத்தில் பாராட்டும் பதவி உயர்வும் பெற்றார். நெருக்கடி வராமல் முன்கூட்டியே வேலையை முடித்தவரை எவரும் கவனிக்கவில்லை. பாராட்டும் முறை மாறாதவரை விதி மட்டும் நிற்காது என்பது பெர்லோவின் முடிவு.

உயிர் தொடர்பான பணிகள்

1974 செப்டம்பர் 11 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 212ஆம் எண் விமானம், அமெரிக்காவின் வட கரொலைனா மாநிலத்தில் சார்லட் நகரில் பனிமூட்டத்தினிடையே தரையிறங்க முயன்று விழுந்ததில் 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தரையிறங்கும் நிமிடங்களில் விமானிகள் அரசியல் குறித்தும் பழைய மகிழுந்துகள் குறித்தும் பேசிக்கொண்டிருந்தது ஒலிப்பதிவில் வெளிப்பட்டது. இத்தகைய நிகழ்வுகளையடுத்து அமெரிக்க வானூர்திப் போக்குவரத்து நிர்வாகம் 1981இல் புதிய விதி ஒன்றை இயற்றியது. தரையில் ஊர்தல், ஏறுதல், இறங்குதல் ஆகிய கட்டங்களிலும், பயண உயரத்தில் செல்லும் நேரம் நீங்கலாக 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும், பாதுகாப்புக்குத் தேவையற்ற பேச்சும் செயலும் விமானிகளுக்குத் தடை செய்யப்பட்டன. பணிப்பெண்கள் உணவு பற்றி வினவுவதும் இதில் அடங்கும். நாள் முழுவதும் அமைதி கோராமல், பிழை நேர்ந்தால் மீள இயலாத சில நிமிடங்களை மட்டும் வேலியிட்டுக் காப்பது இவ்விதியின் சிறப்பு.

ஆனால் பணி தொடர்பான குறுக்கீட்டை இவ்விதி தடுக்காது. 1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட் நகரில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் 255ஆம் எண் விமானம் இறக்கை மடிப்புகளை நீட்டாமலே புறப்பட்டு விழுந்தது. விமானத்தில் இருந்த 155 பேரில் நான்கு வயதுச் சிறுமி ஒருவர் மட்டுமே பிழைத்தார்; தரையில் இருவர் இறந்தனர். விமானிகள் ஊர்தலுக்குரிய சரிபார்ப்புப் பட்டியலைப் படிக்கவில்லை என்பதையே விசாரணை காரணமாகக் குறிப்பிட்டது. ஊர்ந்து செல்லும் வேளையில் ஓடுபாதை மாற்றப்பட்ட செய்தியும் அது சார்ந்த கணக்குகளும் அவர்களை வந்தடைந்திருந்தன. அவை யாவும் தேவையான செய்திகளே.

மருத்துவத்தில் ஜொஹானா வெஸ்ட்புரூக் குழுவினர் சிட்னி நகரின் இரு மருத்துவமனைகளில் 98 செவிலியர் 4,271 முறை மருந்து கொடுத்ததைக் கவனித்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். பாதிக்கும் மேற்பட்ட முறை செவிலியர் குறுக்கிடப்பட்டனர். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் நடைமுறைத் தவறுகள் 12.1 விழுக்காடும் மருத்துவப் பிழைகள் 12.7 விழுக்காடும் கூடின. இதையடுத்து மருந்து கொடுக்கும்போது குறுக்கிட வேண்டாம் என்று எழுதிய மேலங்கியைச் செவிலியருக்கு அணிவித்துப் பார்க்கும் சோதனை ஒன்று நடந்தது. 2017இல் வெளியான அதன் முடிவின்படி குறுக்கீடுகள் ஓரளவு குறைந்தன. ஆனால் மேலங்கி வெப்பமாகவும் தொல்லையாகவும் உள்ளதாகச் செவிலியர் கூறினர்; இம்முறையைத் தொடர ஆதரவு தெரிவித்தோர் பாதிக்கும் குறைவே.

மேலாண்மை முறைகள்

டேனியல் மெக்ஃபார்லேன் 2002இல் குறுக்கிடும் வழிகளை நான்காகப் பிரித்து ஒப்பிட்டார்: உடனே குறுக்கிடல், அறிவித்துவிட்டு நேரத்தைப் பெறுபவரின் விருப்பத்துக்கு விடுதல், இடையாள் ஒருவர் மூலம் அளித்தல், குறித்த நேரத்தில் மட்டும் அளித்தல். பெரும்பாலான அளவைகளில் இரண்டாவதே சிறந்து விளங்கியது. விரைந்த பதில் மட்டுமே முக்கியம் எனில் முதலாவது ஏற்றது. ஓர் அலுவலகக் குழு தனக்குள் செய்துகொள்ள வேண்டிய முதல் ஏற்பாடு இதுவே: எது உடனடி, எது பிறகு என்பதற்குத் தனித்தனி வழி வைத்தல். உடனடித் தேவைக்குத் தொலைபேசி, இன்றைக்குள் போதும் எனில் உடனடிச் செய்தி, நாளை போதும் எனில் மின்னஞ்சல் என்று பிரித்துக்கொண்டால், மின்னஞ்சலைத் திறக்காதவர் எதையும் தவறவிட்டுவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

குறுக்கீடு வரும் தருணமும் முக்கியமானது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பியோட்டர் ஆடம்சிக், பிரையன் பெய்லி ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வேலையின் உட்பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் குறுக்கிட்டால் எரிச்சலும் உழைப்பும் குறைவு என்று காட்டியது. ஆகவே வந்து நிற்பவரிடம் இந்தப் பத்தியை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்வது மரியாதைக் குறைவாகாது.

உடனே எழுந்தே ஆக வேண்டிய சூழலில் செய்யக்கூடியது ஒன்று உள்ளது. சோஃபி லெராய், தெரசா குளோம் ஆகியோர் 2018இல் சோதித்த முறையின்படி, எழுவதற்கு முன் எதுவரை வந்தோம், திரும்பியதும் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சுருக்கமாக எழுதிவைக்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகும். அவ்வாறு எழுதியவர்கள் குறுக்கே வந்த வேலையிலும் கூடுதல் கவனம் செலுத்தினர். செயலி பதிவகங்களைச் சேமிப்பதற்கு நிகராக மனிதருக்குக் கிடைத்துள்ள வழி இதுவே.

1980களின் இறுதியில் இத்தாலிய மாணவரான பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றைக் கொண்டு உருவாக்கிய பொமோடோரோ முறை பலராலும் அறியப்பட்டது. 25 நிமிடம் வேலை, பின் சிறு இடைவேளை என்பதே இதன் அமைப்பு. அந்த 25 நிமிடத்துக்குள் தோன்றும் தற்குறுக்கீடுகளை ஒரு தாளில் குறித்துவிட்டு வேலையைத் தொடர வேண்டும் என்ற பகுதியைப் பலர் விட்டுவிடுகின்றனர். கடிகாரத்தைவிட அந்தத் தாளே பயன்மிக்கது.

மென்பொருள் நிறுவனங்கள் சிலவற்றில் வாரம் ஒருவர் என்று முறை வைத்து, வெளியிலிருந்து வரும் எல்லா வினவல்களையும் அவரே ஏற்கிறார். அந்த வாரம் அவரிடம் வேறு வேலை எதிர்பார்க்கப்படுவதில்லை. கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட தள நம்பகப் பொறியியல் நூலில் இதற்கெனத் தனி அத்தியாயமே உள்ளது. ஒருவர் பாதி நேரம் நிரல் எழுதி, பாதி நேரம் வினவல்களைக் கவனித்தால் இரண்டும் கெடும் என்பது அதன் வாதம்.

அறிவிப்புகளைத் தொகுதியாகப் பெறுவதும் பயனளிக்கிறது. கோஸ்தாதின் குஷ்லேவ், எலிசபெத் டன் ஆகியோரின் 2015ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சல் பார்த்தவர்களின் மன அழுத்தம் குறைந்தது. இந்தியச் செல்பேசிப் பயனர்களிடையே நடத்தப்பட்டு 2019இல் வெளியான கள ஆய்விலும், அறிவிப்புகளை நாளுக்கு மூன்று தொகுதிகளாகப் பெற்றவர்கள் நலம் கூடியதாகத் தெரிவித்தனர். அறிவிப்புகளை அறவே நிறுத்தியவர்களுக்கு அந்நலன் கிட்டவில்லை. ஏதேனும் தவறிவிடுமோ என்ற பதற்றமே கூடியது.

வரம்புகள்

மேற்கூறிய முறைகளுள் பெரும்பாலானவை தம் நேரத்தின்மீது தமக்கே உரிமையுள்ள பணியாளரை மனத்திற்கொண்டவை. வரவேற்பாளர், வங்கி முகப்பு அலுவலர், வாடிக்கையாளர் உதவி மையப் பணியாளர் ஆகியோருக்குக் குறுக்கீடே வேலை. மேலாளரின் கதவு மூடியிருக்கும்போது, அங்குச் செல்ல வேண்டிய வினாக்கள் கதவில்லாத மேசைகளுக்குச் செல்கின்றன. அமைதி நேரம் அறிவிக்கும் நிறுவனங்கள், அந்நேரத்தில் தொலைபேசியை எடுப்பவர் யார் என்பதையும், அவரது சொந்த வேலைக்கு எப்போது அமைதி கிடைக்கும் என்பதையும் அதே அறிவிப்பில் எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்த பணியாளருக்கும் இது பொருந்தும். அனுபவம் மிக்கவர் தமது காலை முழுவதையும் காத்துக்கொள்கையில், ஐந்து நிமிடத்தில் தீரக்கூடிய ஐயத்துடன் புதியவர் நண்பகல் வரை காத்திருக்கிறார்.

செவிலியரின் நிலை இவ்வனைத்தினும் கடினமானது. மருந்து வண்டியுடன் செல்லும் செவிலியரை அழைப்பவர்களுள் உடன் பணிபுரிவோரும் மருத்துவரும் மட்டுமன்றி நோயாளியும் இருக்கிறார். மூச்சுத் திணறல் என்று சொல்ல வரும் நோயாளியின் குரலும், தண்ணீர் கேட்கும் நோயாளியின் குரலும் முதல் நொடியில் ஒன்றுபோலவே ஒலிக்கும். எது எது என்று அறிய, செவிலியர் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும்.